பெட்டி கேட்ட கேள்வி

கல்யாணம் முடித்து மாம்புரிக் கடற்கரைக்கு வந்த நாலாம் நாள் ஸபீனா புருஷனிடம் ஒரு கேள்வி கேட்டாள். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு மண்ணெண்ணெய்க் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாயிஸ் வாசற்படி இறங்கிய நேரம்.

"எங்க போறீங்க?"

புதுப் பெண்டாட்டி ஆசையாகக் கேட்டது. வேறு ஒரு குற்றமும் இல்லை. ஆனால் பாயிஸ் கேனை இறக்கி வைத்தான். உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தான். அரை மணித்தியாலம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அப்போதுதான் எழும்பியவன் போல மறுபடி புறப்பட்டான். ஸபீனா இரண்டாம் முறை வாயைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு மாமியார் ஜெய்னம்பு குசினிக்குள் இருந்து தேங்காய் துருவிய கையோடு வந்தாள்.

"மகள், கடலுக்குப் போற ஆம்பிளட்ட எங்க எண்டு கேக்கப்படாது. போய்ட்டு வாங்க எண்டு செல்லணும். இது ஒங்கட தில்லையடிக் கடைத்தெரு இல்ல."

"ஏன் மாமி?"

"ஏனெண்டா? நான் கேட்டதில்ல. என்ட மாமியும் கேட்டதில்ல."

சகுனம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் தோண்ட மாட்டார்கள் அல்லவா, அதற்காகவே இந்த வழக்கம் சகுனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது என்பது என் எண்ணம். உள்ளே இருப்பது வேறு. அந்தக் கரையில் தூண்டில்காரன் ஒவ்வொருவனுக்கும் கடலுக்கடியில் ஒரு பார் உண்டு. மின்நிலையத்துப் புகைபோக்கியை இன்ன காற்றாலைக்கு நேராக வைத்து, பள்ளி மினாரா தென்னந்தோப்புக்குள் மறைகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தினால் அடியில் கல் இருக்கும், கல்லில் மீன் இருக்கும். அந்த இடம்தான் அவனுடைய காணி. அதற்கு உறுதிப் பத்திரம் கிடையாது, வேலி கிடையாது, வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலி. பெண்டாட்டிக்குச் சொன்னால் அவள் தன் அக்காவுக்கு, அதாவது தாத்தாவுக்கு, சொல்வாள், தாத்தா தன் புருஷனுக்குச் சொல்வாள். ஆகவே கேள்வியே வேண்டாம் என்று பெரியவர்கள் ஒரேயடியாக அடைத்துவிட்டார்கள்.

ஸபீனாவுக்கு இதெல்லாம் புதிது. தொண்ணூறில், யுத்த நேரம், மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு அனுப்பப்பட்ட குடும்பம் அவளுடையது. தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் பிறந்து, கிணற்றடி வரிசையில் வளர்ந்து, கம்பியூட்டர் படித்து, ஹில்மியின் போன் திருத்தும் கடையில் வேலைக்கு நின்றவள். அங்கேதான் பாயிஸ் உப்புத் தண்ணீரில் ஊறிய போனை ஒரே மாதத்தில் மூன்று தரம் கொண்டுவந்தான். மூன்றாவது தரம் போனில் ஒரு பழுதும் இல்லை என்று ஹில்மி கண்டுபிடித்தான். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சுத்தான்.

அடுத்த வருஷம், யுத்தம் முடிந்து எட்டு வருஷம் இருக்கும், நாலு வீடு தள்ளியிருந்த சபூராவின் புருஷன் எஞ்சின் பழுதாகிக் கடலில் நின்றுவிட்டார். கரையிலிருந்து இருபது போட் தேடப் போனது. எந்தப் பக்கம் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் வடக்கே கற்பிட்டிப் பக்கம் தேட, அவர் தெற்கே உடப்புக்கு நேரே மிதந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் கண்டெடுத்தபோது தண்ணீர் இல்லாமல் மௌத்தாகி அரை நாள் ஆகியிருந்தது. மையத்து வீட்டில் சபூரா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஒரு சொல்லு கேட்டிரிந்தா... ஒரு சொல்லு கேட்டிரிந்தா..."

ஸபீனா அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி தில்லையடிக்குப் போய் ஹில்மியின் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "போட் எங்க நிக்கிது எண்டு செல்ற சாமான் ஒண்டு நம்மளால செய்ய ஏலுமா?"

ஹில்மி உள்ளங்கையை விரித்து அளவு பார்த்தான். "ஏலும். தண்ணி உள்ளுக்குப் பூராம இரிக்கிறதுதான் பாடு."

மூன்றாவது ஆள் இனாஸ். ஹில்மியின் ஒன்றுவிட்ட நானா, அண்ணன் முறை, கொழும்பில் கம்பனி வேலை பார்த்துவிட்டு வந்தவன், வாய் உள்ளவன். மூன்று பேரும் கடைக்கு மேலே இருந்த தகர அறையில் கூடினார்கள். ஹில்மி பெட்டி செய்தான், ஸபீனா அதற்கான வேலைகளைக் கம்பியூட்டரில் எழுதினாள், இனாஸ் ஆட்களைப் பிடித்தான். பாணும் சம்பலும் பிளேன்டீயும் சாப்பிட்டுக்கொண்டு, மின்விசிறியும் இல்லாத அந்த அறையில் எட்டு மாதம் அப்படி ஒரு ஒற்றுமையாக வேலை செய்தார்கள். பெட்டி உள்ளங்கை அகலம்தான். போன் சிக்னல் எட்டுகிற தூரத்துக்கு அது தன் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸபீனாவின் போனில் கடல் நீலமாகவும் போட் ஒரு சிவப்புப் பொட்டாகவும் தெரியும்.

கொழும்பில் நடந்த கண்டுபிடிப்புப் போட்டி ஒன்றில் முதல் பரிசு வாங்கி, கதவளவு மட்டை செக்கைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்தார்கள். அங்கே பயிற்சி கொடுத்த மேடம் ஒருத்தி சொன்னாள், சாமானைச் செய்வதற்கு முதல் அதைப் பாவிக்கப் போகிறவர்களிடம் போய் அவர்களுடைய கஷ்டம் என்னவென்று கேளுங்கள் என்று. நல்ல புத்திதான். மூவரும் படிவம் அடித்துக்கொண்டு மாம்புரிக் கரைக்குப் போனார்கள். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஓம், நல்ல சாமான், மிச்சம் நல்லம்" என்றார்கள். நாற்பத்தொரு படிவத்திலும் 'ஓம்' விழுந்தது. வீடு தேடி வந்தவளின் முகத்துக்கு நேரே, அதுவும் பாயிஸின் பெண்டாட்டியிடம், வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் அந்த மனிதர்களுக்கு இல்லை. இது ஸபீனாவுக்குத் தெரியாததல்ல. அவள் வளர்ந்த ஊரிலும் அதே மரியாதைதான். ஆனாலும் நாற்பத்தொரு 'ஓம்' கண்ணை மறைத்துவிட்டது.

பெண்கள் சொன்ன 'ஓம்' வேறு. அது வயிற்றிலிருந்து வந்தது. ஜெய்னம்புதான் முதல் குறையைச் சொன்னாள்.

"எனக்கு இந்தப் பொட்டும் தெரியா, எழுத்தும் தெரியா மகள். அவன் கரைக்கு வந்திட்டான் எண்டு ஒரு சத்தம் வந்தா போதும்."

அந்தச் சொல்லை ஸபீனா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்டி கரைக்கு அரை மைல் கிட்ட வந்ததும் வீட்டுப் போன் தானாக அடிக்கும்படி செய்தாள். எடுத்தால் ஒரு குரல் பேசும். ஹில்மியின் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலையே பதிந்தாள். வெளியே ஓட்டோ சத்தம் விழுந்துவிழுந்து நாலு தரம் பதியவேண்டி வந்தது. வேதக்காரரான கிறிஸ்தவ வீடுகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஸலாமை எடுத்துவிட்டாள். கடைசியில் இருந்தது இவ்வளவுதான்: "உங்கட போட் கரைக்கு வந்திட்டு. சோத்தப் போடுங்க."

சோத்தப் போடுங்க என்பது விளையாட்டுக்குச் சேர்த்தது. ஆனால் அதுதான் ஊரில் எடுபட்டது. அந்த அழைப்பு வந்ததும் ஜெய்னம்பு போனைக் காதில் வைத்தபடியே, "ஓம் மகள், போடுறன் மகள்" என்று பதில் சொல்வாள். பக்கத்து அறையில் இருக்கும் ஸபீனா சிரித்துச் சிரித்துச் சாய்வாள்.

இனி பெட்டிக்குக் காசு யார் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. கடலுக்குப் போகிறவர்கள் பெட்டியைப் புகழ்ந்தார்களே தவிர ஒருவரும் வாங்கவில்லை. இனாஸ் ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"மஹ்ரூப் ஹாஜியார் பதினொரு போட்டுக்கும் எடுக்கிறாராம். ஒரே ஒரு கண்டிசன். அவர்ட போன்லயும் போட் தெரியணுமாம்."

மஹ்ரூப் ஹாஜியார் அந்தக் கரையின் போட் முதலாளி. பாயிஸ் ஓட்டியதும் அவருடைய போட்தான், பங்குக்கு. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, பள்ளிக்குக் கூரை போட்டவர். ஹில்மிதான் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இது சரிவராது."

"ஏன் சரிவராது? காசு குடுக்கிறவன்தானே கஸ்டமர்?"

"காசு குடுக்கிறவர் கரையில நிக்கிறார். பெட்டி போறது கடலுக்கு. கடல்ல இரிக்கிறவனுக்கு இது வேணாம் எண்டா கடல்ல தூக்கிப் போட்டுட்டு வருவான், நீ என்ன செய்வாய்?"

"அவனுகள் நாப்பத்தொரு பேரும் ஓமெண்டு சென்னானுகள்."

"பொண்டாட்டி பாக்கிறதுக்கெண்டு நெனச்சி சென்னானுகள். மொதலாளிக்கி எண்டு நாம கேக்கல்ல."

இருவரும் ஸபீனாவைப் பார்த்தார்கள். மூன்று பேர் கொண்ட கூட்டத்தில் மூன்றாமவர் சொல்வதுதான் முடிவு. அவளுக்குப் பாயிஸ் சொல்லாமல் சொன்ன வழக்கம் ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இன்னும் நாலு மாதத்தில் சோளகக் காற்றுத் தொடங்கும், அதற்கு முன்னம் அவனுடைய போட்டில் பெட்டி இருக்கவேண்டும் என்ற ஒரே நினைப்பு. சபூராவின் குரல் வேறு காதுக்குள்.

"குடுப்பம்" என்றாள்.

ஹில்மி பதினொரு பெட்டியையும் முடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு மேலே வருவதைக் குறைத்துக்கொண்டான். கேட்டால் கடையில் வேலை என்பான்.

பதினொரு போட்டில் ஒன்பது கரையோர வலைக்காரர். தூண்டிலுக்குப் போகிறவை இரண்டுதான். நாலாம் இலக்கம் பாயிஸும் அவன் பெரியம்மா மகன் ஸப்ரானும் போவது. ஏழாம் இலக்கம் மாம்புரி வேதக்காரர் யாகப்பு பங்குக்கு ஓட்டுவது. பெட்டி பூட்டி இரண்டாம் கிழமை, பாயிஸ் தன் பாரில் தூண்டிலை இறக்கிக்கொண்டிருக்கையில் ஹாஜியாரின் வலைப் போட்டுகள் மூன்று நேராக வந்து பக்கத்தில் நின்றன. அடுத்த நாளும் வந்தன. ஹாஜியாரைப் பொறுத்தவரை எல்லாம் அவருடைய போட், எல்லாம் அவருடைய மீன், எது எங்கே பிடித்தால் என்ன? ஒரு மாதத்தில் அந்தப் பார் துடைத்து வைத்த சட்டியாகிவிட்டது.

பாயிஸ் கோபப்படுகிற ஆள் இல்லை. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"மீன் ஆணம் சரியில்லியா?" என்று ஸபீனா கேட்டாள்.

"வாப்பாட பார் அது" என்றான். "மௌத்தாகிறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னந்தான் எனக்குச் சென்னார். அதுவும் காதுக்குள்ள."

"நான் ஒங்கட்ட எங்க எண்டு கேக்கல்லியே. பெட்டிதானே..."

"பெட்டி கேட்டா என்ன, வாய் கேட்டா என்ன ஸபீனா? பதில் நான்தானே செல்றன்."

"அப்ப கழட்டி வெச்சிட்டுப் போறீங்களா?"

"கழட்டினா போட் கெடைக்காது எண்டு ஹாஜியார் செல்லிட்டார்." சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, இரக்கப்பட்டவன் போல, "நீ யோசிக்காத. ஒன்ட சாமான் நல்ல சாமான்தான்" என்றான்.

அதே மரியாதை. கரையில் கிடைத்த நாற்பத்தொன்றோடு நாற்பத்திரண்டாவது ஓம். ஸபீனா அதையும் நம்பினாள், நம்பத்தான் ஆசையாக இருந்தது.

பிறகு எல்லாம் சரியானது போலத்தான் இருந்தது. பாயிஸ் மறுபடி விளைமீனும் கலவாயும் கொண்டுவந்தான். வலைப் போட்டுகள் இரண்டு நாள் அவன் பொட்டுத் தெரிந்த பக்கம் போய், எட்ட நின்றே வலை விட்டு, வெறுங்கையோடு திரும்பி, அலுத்துப்போய்த் தங்கள் பாட்டுக்குத் தொழில் செய்தன. பதினொரு பொட்டும் ஒவ்வொரு நாளும் ஒழுங்காகத் தெரிந்தன. இனாஸ் அதைப் படமாக வரைந்து கொழும்புக்கு அனுப்பினான். ஹில்மி மட்டும் ஒரு நாள் கடைக்கு வந்தவளைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னான்.

"நாலையும் ஏழையும் பாத்தியா? காலையில போய் ஒரு எடத்துல நிண்டா பின்னேரம் வரைக்கும் அங்கனயே நிக்கிது. எந்தத் தூண்டில்காரன் எட்டு மணித்தியாலம் ஒரே எடத்துல நிப்பான்?"

"நல்ல மீன் இரிக்கும்."

"ஒன்ட மாப்பிள்ளட்டக் கேளு."

"கடலுக்குப் போறவங்கட்ட அதெல்லாம் கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். தனக்கு வசதியான நேரத்தில் அந்த வழக்கத்தை அவளும் எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை. சோளகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று கரை முழுக்க நம்பியிருந்தது. பத்து மணி வரைக்கும் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பிறகு தெற்கே வானம் கறுத்து, தென்னைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய, காற்று எழும்பிவிட்டது. மிளகாய்த் தோட்டங்களில் போட்டிருந்த மறைப்புகள் பிய்ந்து பறந்தன. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன்னம் வலைப் போட்டுகள் ஒன்பதும் அடித்துப் பிடித்துக் கரை ஏறின. நாலும் ஏழும் இல்லை.

ஸபீனா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். பாயிஸின் போனுக்கு அழைப்புப் போகவில்லை, உப்புத் தண்ணீர் பட்டால் அது எப்போதும் அப்படித்தான். போட்டை இறக்குவதற்கு ஆறேழு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அலை அதைத் தூக்கி மணலில் அறைந்ததில் ஒருவனுக்குக் கால் நசுங்கியிருந்தது. மஹ்ரூப் ஹாஜியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். அவருடைய போன் நனைந்து செத்துவிட்டது.

"தங்கச்சி, எங்க நிக்கிறானுகள் பாரு!"

அவள் பார்த்தாள். நாலு, கரைக்கு நேர் மேற்கே ஆறு மைலில். ஏழு, அதற்குக் கொஞ்சம் தெற்கே. இரண்டு பொட்டும் நகரவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. இதற்காகத்தானே எட்டு மாதம்!

"நிக்கிறாங்க ஹாஜியார். ரெண்டு பேரும் நங்கூரம் போட்டிரிக்காங்க. அள்ளுப்பட்டுப் போகல்ல, அப்பிடியே நிக்கிறாங்க."

"அப்ப என்ன செல்றாய்? எறக்கவா, வேணாமா?"

மழையில் நனைந்த பத்து முகங்கள் அவளுடைய வாயைப் பார்த்தன. ஒரு பொம்பிளைப் பிள்ளையின் சொல்லுக்காக அந்தக் கரை அதற்கு முன்னம் ஒருநாளும் காத்து நின்றதில்லை.

"வேணாம். காத்து கொறயட்டும். இந்த அலையில போனா போறவங்களுக்கும் மோசம். அவங்க நல்லா நிக்கிறாங்க."

போட்டை மேலே இழுத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் எல்லோரும் கரையோர வாடிக் கொட்டிலுக்குள் குந்திக்கொண்டு அவளுடைய போனையே பார்த்தார்கள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதைக் குடித்தாள். அந்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள்.

காற்றுச் சற்றே தணிந்த நேரம், தெற்கே கரையோரமாக ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. சட்டை இல்லை, முழங்காலில் இரத்தம். கிட்ட வந்தபோதுதான் தெரிந்தது, யாகப்பு.

"மாதா காப்பாத்தினா" என்று மணலில் உட்கார்ந்தார். "தெற்கால ரெண்டு மைலுக்கங்கால கொண்டுபோய் ஏத்திட்டன். போட் ஒடஞ்சிபோச்சி, ஆள் தப்பிட்டன். பாயிஸ் வந்திட்டானா?"

ஸபீனா யாகப்புவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். ஏழாம் இலக்கம் கடலில், ஆறு மைலுக்கு அப்பால், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. யாகப்பு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"யாகப்பண்ணன்" என்றாள். "ஒங்கட பெட்டி எங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஹாஜியாரை ஒரு பார்வை பார்த்தார், இனி என்ன மறைப்பு என்பதுபோல.

"கேன் ஒண்டுல கட்டி, கல்லுப் போட்டு மெதக்க விட்டிரிக்கன் தங்கச்சி. போகக்குள்ள விட்டுட்டுப் போய், வரக்குள்ள எடுத்துக்கொண்டு வாறது. இண்டைக்கி எடுக்க ஏலாமப் போச்சி."

"அவருமா?"

"அவன்தான் எனக்குக் காட்டித் தந்தது." யாகப்பு முகத்தைத் துடைத்தார். "யுத்த நேரம் நேவிக்காரன் பாஸ்ஸ வெச்சிக்கொண்டு எங்க போறாய் எண்டு கேப்பான். அவனுக்கே உள்ளதச் சொன்னதில்ல நாங்க. ஒனக்கு மனம் நோகக் கூடாதெண்டு அவன் ஒண்டும் சொல்லல்ல புள்ள. எவ்வளவு பெருமையா ஒன்னப் பத்திக் கதைப்பான் தெரியுமா?"

"அவர்ட பார் எது? எந்தப் பக்கம்? செல்லுங்க!"

"தெரியா."

"யாகப்பண்ணன்!"

"சத்தியமாத் தெரியா புள்ள. என்ட பார் அவனுக்குத் தெரியா. அவன்ட பார் எனக்குத் தெரியா. நாங்க கேக்கிறதில்ல."

இரண்டு மணித்தியாலம். கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்த இரண்டு மணித்தியாலம். ஸபீனா மணலில் விழுந்து அழுதாள் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். அவள் அழவில்லை. எழும்பி நின்று, "போட்ட எறக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினாறு போட் போனது. இனாஸ் ஓடித் திரிந்து நேவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். எங்கே தேடுவது என்று நேவி ஐயா சிங்களத்தில் கேட்டார். இனாஸுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு, ஆனாலும் எந்தப் பக்கத்தைச் சொல்வது? வடக்கே சிலர், தெற்கே சிலர், குருட்டாம்போக்கில் போனார்கள். சபூராவின் புருஷனைத் தேடியது போலவே.

அடுத்த நாள் காலையில், தேடப் போன யாகப்பு நாலாம் இலக்கக் கேனைக் கண்டுபிடித்து, கடலிலிருந்தே போன் எடுத்தார். எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டார்.

"எடுக்காதீங்க" என்றாள் ஸபீனா. "கரைக்கு வாறதெண்டா அவங்க மொதல்ல அதுக்கிட்டத்தான் வருவாங்க. பெட்டிய எடுத்தா பொட்டு நகரும், நமக்குத் தெரியும்."

ஹில்மி கடையைப் பூட்டிவிட்டு வந்து அவளோடு வாடியிலேயே இருந்தான். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. ஒரு முறை மட்டும் மெதுவாகக் கேட்டான். "எல்லாத்தையும் நிப்பாட்டி வெக்கட்டா?"

"வேணாம். அது ஓடட்டும்."

அவன் எதை நினைத்துக் கேட்டான் என்று அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்கு இருந்ததெல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டு ஒன்றுதான்.

வீட்டில் ஜெய்னம்பு பாயில் சுருண்டு கிடந்தாள். யார் கொடுத்தும் ஒரு மிடறு தண்ணீருக்கு மேல் இறங்கவில்லை. ஸப்ரானின் பெண்டாட்டி றைஸா பக்கத்து வீட்டில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். பள்ளி மௌலவி வந்து, மையத்து உடல் கிடைக்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விதவையாக இத்தா இருப்பதா, புருஷனுக்காகக் காத்திருப்பதா, அதற்கும் ஒரு இடம் தெரியவேண்டியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நேவிப் போட் திரும்பிவிட்டது. ஹில்மி தொழப் போயிருந்தான். ஸபீனா வாடி வாசலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொட்டு நகர்ந்தது.

முதலில் கண்தான் பொய் சொல்கிறது என்று நினைத்தாள். முந்தானையால் போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நாலாம் இலக்கம் கிழக்கே வந்துகொண்டிருந்தது. அரை மைல். ஒரு மைல். அவள் எழும்பிவிட்டாள். கை காற்றில் யாரையோ கூப்பிட்டது. தண்ணீர் விளிம்புவரை ஓடி, முழங்கால் நனைய நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு ஒரு போட் தெரிந்தது. நீலப் போட். பாயிஸின் போட் வெள்ளை.

யாகப்பு இரவல் வாங்கிக்கொண்டு போன போட்தான் நீலம். கேன் கட்டியிருந்த கயிறு தேய்ந்து அறுகிற நிலையில் இருக்க, விட்டால் அதுவும் போய்விடும் என்று அவர் எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனதோடுதான் எடுத்தார்.

போட் ஒரு மைலுக்குள் வந்தபோதுதான் ஸபீனாவுக்கு அது உறைத்தது: அரை மைலில் வீட்டுப் போன் தானாக அடிக்கும். ஹில்மி எதைக் கேட்டான் என்றும் அப்போதுதான் விளங்கியது. நிறுத்துகிற வழி ஹில்மியின் போனில்தான் இருந்தது, அவனுக்கு அடித்தாள். பள்ளிக்குள் இருக்கிறவன் போனை நிறுத்தித்தான் வைத்திருப்பான். யாகப்புவுக்கு அடித்தாள், எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "நில்லுங்க! அங்கனயே நில்லுங்க!" என்று கையை ஆட்டினாள். அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவர் எஞ்சினை இன்னும் முறுக்கினார்.

அவள் திரும்பி ஓடினாள். கரையிலிருந்து வீட்டுக்கு மணல் ஒழுங்கையில் பத்து நிமிஷ நடை. செருப்பு எங்கோ கழன்றது. வெங்காயத் தோட்டத்து வேலிக்கப்பால் நின்றவர்கள் என்ன, என்ன என்று கேட்டார்கள். பாதி வழியில் எதிரே றைஸா வந்தாள். தலையில் முக்காடு இல்லை, கையில் போன், முகம் முழுக்கச் சிரிப்பும் கண்ணீரும். ஸபீனாவைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டு, "கரைக்கு வந்திட்டாங்க! வந்திட்டாங்க தாத்தா!" என்று கத்திவிட்டுக் கடற்பக்கம் ஓடினாள். ஸபீனா அவளைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்குள் அவள் போய்விட்டாள்.

வளவுக்குள் நுழையும்போதே புகை மணத்தது. குசினி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாள் பாயை விட்டு எழும்பாத ஜெய்னம்பு, கலைந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, உலை கொதிக்கிற சட்டிக்கு முன்னால் அரிசி களைந்த கையோடு நின்றாள். கதிரை மேல் பாயிஸின் உலர்ந்த சாரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சோற்றுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வந்திட்டியா மகள்? நீ செல்லக்குள்ளயே எழும்பிட்டன். அரிசி போட்டாச்சி. கருவாடு ஒரு துண்டு பொரிக்கிறன், மூணு நாள் பசியோட வாறவன்."

ஸபீனா குசினி வாசலில் நின்றாள். ஜெய்னம்பு அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒழுங்கையைப் பார்த்தாள். மறுபடி மருமகளின் முகத்தைப் பார்த்தாள், வெறுங்காலைப் பார்த்தாள். கையிலிருந்து அரிசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐம்பது வருஷம் மீன்பிடிக்காரனின் மகளாகவும் பெண்டாட்டியாகவும் தாயாகவும் இருந்து, ஒரு நாள் கூட வாயில் வராத சொல் அப்போது அவளுக்கு வந்தது.

"எங்க?" என்றாள். "அவன் எங்க மகள்?"